அரிசி டிரம்முக்குள் போன்

தஞ்சைப் பக்கம் ஒரு செல்போன் தண்ணீரில் விழுந்தால், அடுத்து அது போய்ச் சேருவது பெரும்பாலும் வீட்டு அரிசி டிரம்முக்குள்தான். இதே மண்ணில்தான் நெல்லின் ஈரத்துக்காக அறுவடைதோறும் மல்லுக்கட்டு நடக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் சம்பா நனைந்தபோது, 22 சதவீதம் வரை வாங்க அனுமதி கேட்டது மாநில அரசு. ஒன்றிய அரசு 20 வரை விட்டது. அரைத்து டிரம்மில் கொட்டிய அரிசியிலும் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். அந்த அரிசியா, சிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் துளியை உறிஞ்சப் போகிறது?

அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எச்சரித்தது. அரிசிக்குள் வைத்த போன் சில நேரம் பிழைத்துக்கொள்வது உண்மை. சும்மா காற்றாட வைத்திருந்தாலும் அது பிழைத்திருக்கும்.

தண்ணீரோடு மின்சாரமும் சேரும்போதுதான் போனுக்குக் கேடு. சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் நடவு வயலில் நிற்பது டிஏபியும் பொட்டாஷும் கரைந்த தண்ணீர். நாற்றுமுடியை எடுக்கக் குனிகிறவரின் சட்டைப் பையிலிருந்து போன் நழுவுவது அதற்குள்தான். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டில் மின்னோட்டம் இருக்கும். உப்புக் கரைந்த ஈரம் பட்ட செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூத்துவிடும். வேளாங்கண்ணிக் கடலில் விழுந்ததென்றால் இன்னும் மோசம்: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

அதனால்தான் விவரமான மெக்கானிக் போனைக் கையில் வாங்கும்போதே, "எந்தத் தண்ணிண்ணே? சார்ஜ் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவர் முகம் மாறும். எடுத்தவுடன் சுவிட்ச் ஆஃப் செய்வது, வெளி ஈரத்தைத் துடைப்பது, சிம் ட்ரேயை உருவுவது, சார்ஜர் பக்கமே போகாமலிருப்பது: வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹேர் டிரையர் கூடாது. சூடு டிஸ்ப்ளேயின் பசையைக் கெடுக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

மிச்ச வேலை கடையில். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுவார்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் போர்டைத் தேய்ப்பார்கள். அது தண்ணீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். சிப்புகளுக்கு அடியில் படிந்த அழுக்குக்கு அல்ட்ராசோனிக் கிளீனர். கடைசியில் மல்டிமீட்டர் வைத்து ஷார்ட் எங்கே என்று தேடுவார்கள். இதில் எதையும் செய்யாமல், வெயிலில் காய வைத்து மூடித் தருகிற கடைக்குப் போகாமலிருப்பது நல்லது.

'வாட்டர் புரூப்' விளம்பரத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம், அதுவும் சோதனைக்கூடத்தில். நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைக் காட்டி விளம்பரம் செய்ததற்காக 2022இல் சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. பல போன்களுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு ஒட்டு உண்டு. அது சிவந்திருந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

உயிர் வந்த போனிலும் அரிப்பு உள்ளே தொடரலாம். படங்களையும் தொடர்பு எண்களையும் அன்றைக்கே வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். சிம்மை உடனே வேறு போனில் போடுங்கள். நெல் பணம் வங்கியில் ஏறிய குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.