திருத்தத்தின் பின் உழவு இயந்திர மானிகள் வேலை செய்யாவிடில்

காலபோக உழவுக்கு முன் எஞ்சினைத் திருத்துவித்து வயலுக்குக் கொண்டுவரும் கமக்காரர் சிலர், முகப்புப் பலகையிலுள்ள மானிகளின் ஊசிகள் அசையாதிருப்பதைக் காண்பர். எஞ்சின் ஓடுகின்றதே, மானி எதற்கு என்று எண்ணி உழவைத் தொடங்குவோரும் உளர். இது பெருநட்டத்திற்கு இடமாகும். எண்ணெய் அமுக்கம் இல்லாது ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே அழிந்துபோகலாம். திருத்தத்திற்கு முன் நன்கு வேலை செய்த மானி பின்னர் நின்றுவிடின், பெரும்பாலும் பிழை மானியில் அன்று. கழற்றிய ஏதோவொன்று சரியாகப் பூட்டப்படவில்லை. ஆதலால் புதிய மானி வாங்குமுன் கழற்றப்பட்ட இடங்களைப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் மானிகள் யாவும் ஒருங்கே நின்றால், அவற்றிற்குப் பொதுவான இடத்தில் பிழையைத் தேடுக. உருகி எரிந்திருக்கலாம், திறப்பு ஆளியிலிருந்து வரும் கம்பி கழன்றிருக்கலாம், பலகையின் புவிக்கம்பி பூட்டப்படாதிருக்கலாம். புதிதாகப் பூசிய வர்ணம் புவித்தொடுப்பைத் தடுத்தலும் உண்டு. அவ்விடத்தை உலோகம் தெரியச் சுரண்டிப் பூட்டினாற் போதும். மாற்றிய உருகியும் எரியுமாயின் அதனிடத்தில் கம்பித்துண்டு இடலாகாது. எங்கோ ஒரு கம்பி நசிந்து உலோகத்தைத் தொடுகின்றது.

வெப்பமானி மட்டும் நின்றால், எஞ்சினிலுள்ள அதன் உணரியின் கம்பியைக் கழற்றி, திறப்பைப் போட்டு, கம்பி முனையை எஞ்சினின் துப்புரவான உலோகத்தில் சில நொடி மட்டும் தொடுக. ஊசி அசைந்தால் கம்பியும் மானியும் நல்லன. உணரியையோ அதன் புரியிற் சுற்றிய நாடாவையோ ஐயுறுதல் வேண்டும். அசையாவிடின் கம்பியையும் மானியையும் சோதிக்க.

மசி பேர்கசன் 135 போன்ற பழைய இயந்திரங்கள் பலவற்றில் வெப்பமானிக்கு மின்கம்பி இல்லை. குமிழோடு கூடிய மெல்லிய குழாயே உண்டு. சிலிண்டர் தலையைக் கழற்றுமுன் இக்குமிழை வெளியே எடாவிடின் குழாய் முறியும். முறிந்ததை ஒட்டிப் பயனில்லை. மானியை முழுதாக மாற்றவே வேண்டும். மானி குறைவாகக் காட்டியும் எஞ்சின் கொதிக்குமாயின், நீர் நிரப்பியபோது உள்ளே காற்று அடைபட்டுக் குமிழ் நீரில் அமிழாதிருக்கலாம். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து, மெதுவாக ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை நீர் ஊற்றுக. சூடாயிருக்கையில் மூடியைத் தொடவே கூடாது.

எண்ணெய் அமுக்கமானியில் மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஆகாது. எஞ்சினைக் கிளப்பிச் சில நொடிகளில் ஊசி எழாவிடின் உடனே நிறுத்துக. எண்ணெயின் அளவைக் கோலாற் பார்த்தபின், மானிக்கு எண்ணெய் கொண்டுவரும் சிறு குழாயை மானியருகே தளர்த்தி, துணியைப் பிடித்து, ஒருவர் நிறுத்தும் பிடியருகே நிற்க, சில நொடி ஓட்டுக. எண்ணெய் அழுத்தத்துடன் வந்தால் மானியே பழுது. வாராவிடின் குழாய் அடைபட்டிருக்கலாம், அன்றேல் பம்பி எண்ணெயை ஏற்றவில்லை. காரணம் தெரியும்வரை எஞ்சினைக் கிளப்பலாகாது. மானிக்குப் பதிலாக விளக்கு உள்ளவற்றில், திறப்பைப் போட்டவுடன் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைதல் வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு, அமுக்கம் உண்டு என்பதற்குச் சான்றன்று.

அம்பியர்மானி எதிர்ப்புறம் சாய்ந்தால் கம்பிகள் இடம் மாறியுள்ளன. சுற்றுமானி நின்றால் அதன் உட்கம்பி இரு முனைகளிலும் பொருந்தியுள்ளதா என நோக்குக. நிமிடத்துக்கு 540 சுற்றில் இயக்கவேண்டிய சூடடிக்கும் பொறியைப் பூட்டுமுன் இதனைச் சீர்செய்துகொள்ளல் நன்று.