ஆலைக் கழிவு ஜலமும் நிலத்தின் கதியும்

பயிருக்கு ஜலம் உயிர் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஜலமெல்லாம் பாசன ஜலமாகாது. கோடையில் ஏரி வற்றிக் கிணறும் இறங்கும் சமயத்தில், ஆலையிலிருந்து வரும் கழிவு ஜலம் செலவின்றிக் கிடைத்த அனுகூலமாகத் தோன்றும். அதை வயலில் பாய்ச்சுமுன், அதிலுள்ள பொருள்களில் மண்ணில் அழிவது எது, அழியாமல் தங்குவது எது என்று விசாரித்தறிதல் வேண்டும். நிலத்தின் கதி அந்த பேதத்தையே பொறுத்திருக்கிறது.

அழியும் வகைக்கு இத்தாலி தேசம் ஓர் உதாரணம். அங்கே ஆலிவ் பழத்தை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் கறுத்த, புளிப்பான கழிவு ஜலம் மிஞ்சுகிறது. அதை மிகுதியாய்ப் பாய்ச்சினால் விதை முளைப்பது தடைப்படும். அதிலுள்ள மக்கும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் சிலகாலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் சில மாதங்களில் அது பெரும்பாலும் மக்கிப்போக, சாம்பல் சத்து நிலத்துக்கு மிஞ்சும். ஆகையால் 1996-ஆம் வருஷத்துச் சட்டம் அதை முற்றிலும் விலக்காமல், ஆலையின் வகைக்கேற்ப ஹெக்டேருக்கு வருஷம் ஒன்றுக்கு 50 அல்லது 80 கன மீட்டர் என்று அளவிட்டது. 50 கன மீட்டர் என்பது நிலமெங்கும் அரை சென்டிமீட்டர் உயரமே நிற்கும்.

அழியாத வகைக்கு உதாரணம் சேலையூருக்கு அண்மையிலேயே உண்டு. முன்னாளில் ஏரிப்பாசன கிராமமாயிருந்த சேலையூர் இப்போது தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே சில மைல் தூரத்தில் குரோம்பேட்டை, நாகல்கேணி, பல்லாவரம் என்னும் ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்றவை. 1912-இல் ஏற்பட்ட குரோம் லெதர் கம்பெனியாலேயே குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது.

பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பது வழக்கம். தோலை ஊறவைத்து அலசும்போது அவ்வுப்பு ஜலத்தில் இறங்குகிறது. கழிவு ஜலத்தில் கரைந்த உப்புக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சுத்திகரிக்காத தோல் கழிவில் 10,000 மில்லிகிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் ஜலம் கட்ட ஏறக்குறைய 1,03,000 லிட்டர் வேண்டும். ஆகவே அத்தகைய கழிவை ஒருமுறை பாய்ச்சினாலே ஏக்கருக்கு ஒரு டன் உப்பு இறங்கிவிடும்.

ஜலம் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதை உறிஞ்ச மாட்டாது, பயிர் வாடும். இது உவர். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டால் மண்துகள்கள் பிரிந்து துவாரங்களை அடைக்கும், மழைநீர் உள்ளிறங்காது, காய்ந்தால் மேல்மண் ஓடுபோல் இறுகும். இது களர். பதனிடுவதில் சேரும் குரோமியமும் மேல்மண்ணில் வெகுகாலம் தங்கும்.

இதன் விளைவைப் பாலாற்றுப் பிரதேசத்தார் அனுபவித்தனர். தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவோ முழுதுமோ பயனற்றுப் போயிற்றென்ற கணக்கெடுப்பைச் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பில் எடுத்துக் கூறியது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லாவும் அத்தீர்ப்பில் அடங்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மக்கும் அழுக்கையும் குரோமியத்தையும் பெருமளவு நீக்கும். ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்காது. எனவே தெளிந்த ஜலமெல்லாம் நல்ல ஜலமென்று நம்பலாகாது.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை:

1. கழிவு கலந்ததென்று சந்தேகமுள்ள கிணற்று ஜலத்தைச் சுத்தமான புட்டியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புதல்.

2. வயலில் பல இடங்களில் ஆறங்குல ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்புதல்.

3. களர் என்று தெரிந்தால், பரிசோதனை கூறும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல ஜலம் தேக்கி, வடிகால் வழியே உப்பை வெளியேற்றியபின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல். கெட்ட ஜலம் வருவது நிற்காதவரை ஜிப்சத்தால் நிலையான பயனில்லை.

ஒருவர் வயலில் பாய்ந்த உப்பு அடுத்தவர் கிணற்றிலும் ஊறும். நிலம் விளையாவிடில் சங்கத்தில் வாங்கிய கடனும் தீராது. ஆதலால் பரிசோதனைச் செலவைச் சங்கமே ஏற்று, முடிவை மகாஜனக் கூட்டத்தில் படித்து, தேவையாயின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சங்கத்தின் பெயரால் மனுச் செய்வது உசிதம். ஒரு போகம் ஜலமின்றித் தரிசாய்க் கிடந்த நிலம் அடுத்த மழையில் விளையும். உப்பேறிய நிலத்தைத் திருப்பப் பல வருஷம் பிடிக்கும்.