17 ஏ போடுமுன்

திருக்கோவிலூர்

அன்புள்ள பாப்பா,

நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் அந்த வி.ஏ.ஓ. மேல் 17 ஏ குற்றச்சாட்டு மெமோ போடச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு எழுதப் போகிறாய். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். ஆனால் மெமோ என்கிற காகிதம் நம் வீட்டில் என்ன செய்துவிட்டுப் போனது என்று உனக்குத் தெரியாததில்லை. உன் அப்பாவைப் பற்றி இதில் எழுத வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

ஊழியர் சங்கங்களிடம் 'விதிப்படி வேலை' என்றொரு போராட்டம் உண்டு. கதவைப் பூட்டமாட்டார்கள், விதியில் இருப்பதை மட்டும் செய்வார்கள், ஆபீஸ் படுத்துவிடும். கீழ்ப்படிவதே வேலைநிறுத்தம் ஆகிவிடும் என்றால், ஆபீஸ் ஓடுவது உத்தரவால் அல்ல என்றுதானே அர்த்தம்? வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க்கணக்கான அடங்கலையே எடுத்துக்கொள். மெமோ கொடுத்தால் ஜமாபந்திக்கு முன்னால் அது கையெழுத்தோடு மேசைக்கு வந்துவிடும், ஒரு கட்டம் காலியாக இருக்காது. எந்த அண்ணன் தம்பி பாகத்தகராறு அடிதடிக்கு வரப்போகிறது, ஏரி வாய்க்காலில் யார் மண் கொட்டுகிறார்கள், இதற்கெல்லாம் அதில் கட்டம் இல்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மேடம், இன்னொரு விஷயம்" என்று அந்த மனுஷன் தானாகச் சொன்னால்தான் உண்டு. அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி நடத்திய செஸ்டர் பர்னார்ட் 1938-இல் எழுதிய புத்தகத்தில், அதிகாரம் கட்டளையிடுகிறவரிடம் இல்லை, அதை ஏற்கிறவரிடம் இருக்கிறது என்று வாதாடினார். எழுதியவர் கம்பெனித் தலைவர், சங்கத் தலைவர் இல்லை.

இந்த விஷயத்தில் நம்மூருக்குச் சொந்தமே உண்டு. நம்மூரை ஆண்ட மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இட நின்றபோது தடுத்தவர் புலவர் கோவூர்கிழார். அவரிடம் படை இல்லை, பதவியும் இல்லை. யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்ட அந்தச் சிறுவர்களைச் சோழனுக்குக் காட்டினார், அவ்வளவுதான். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று புறநானூற்றில் அவர் பாடிய அந்தப் பாட்டின் கீழே குறித்திருக்கிறது. பேச்சு சாமர்த்தியம் என்பாய். நான் ஒப்பமாட்டேன். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடந்த முற்றுகைச் சண்டையில் புகுந்து பேசியவரும் அவர்தான். ஒற்றன் என்று கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்ற புலவனை மீட்டவரும் அவர்தான். மூன்று இடத்திலும் ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொன்னார், மூன்றிலும் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அப்படிச் சேர்த்த பேர்தான் பேசியது.

"இளக்காரமாய்ப் பார்ப்பார்கள், அதுவும் பொம்பளை ஆபீசர்" என்றாய். நியாயம்தான், உன்னைச் சோதிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நான் சொல்வது தாராளம் காட்டுவதை அல்ல, டீ வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டுவதையும் அல்ல. நம்மூரை ஆண்ட மலையமான் காரி வாரிக் கொடுத்தவன். அவனிடமே கபிலர், கொடுப்பது எளிது, வந்தவர் தகுதி அறிவதுதான் கடினம், எல்லாரையும் ஒன்றாகப் பார்க்காதே என்று சொன்னார். எல்லாருக்கும் ஒரே பாராட்டு, எல்லாருக்கும் ஒரே மெமோ, இரண்டும் அந்தப் பொதுநோக்குதான். நல்ல பேர் எல்லாவற்றுக்கும் உதவாது என்பதும் தெரியும். புலவர்கள் கொண்டாடிய அதே காரியின் கோவலூரை, நம்மூரைத்தான், அதியமான் வந்து அடித்தான். அந்த வி.ஏ.ஓ. பணம் வாங்கினார் என்றால் பெரிய தண்டனைக்கான 17 பி-க்கே எழுது, குறுக்கே நிற்கமாட்டேன். நீ சொன்னதோ, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "அது சரிப்படாது மேடம்" என்றார் என்பது. அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு சர்வே நம்பரும் தெரிந்தவர் அப்படிச் சொன்னால், அவரைக் கூப்பிட்டு ஏன் சரிப்படாது என்று கேட்டாயா? கேட்டதாக நீ சொல்லவில்லை.

ரொம்ப எழுதிவிட்டேன். நீ தப்புச் செய்வாய் என்ற பயத்தில் எழுதியதல்ல. (பயம்தான், விடு.) ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறாயாமே, உங்கம்மா சொன்னாள். நம் வீட்டில் உன்னளவுக்குப் படித்தவரும் இல்லை, உன்னளவுக்கு நெஞ்சுரம் உள்ளவரும் இல்லை. நான் சொன்னதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பெண்ணையாற்றில் தண்ணீர் ஓடுகிறது, கபிலர் குன்றைச் சுற்றி நனைந்திருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு கண்ணு. பெரியம்மா இப்போதே அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்தாயிற்று.

உன்,
பெரியப்பா