அச்சடித்த மயில் வேண்டாம்

ஈப்போ

அன்பு மாணவிக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பள்ளி பிடித்திருக்கிறது, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. “மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரையவே வரவில்லை ஐயா. மயில், ரோஜா என்று போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொன்னால் சத்தமில்லாமல் இருக்கிறார்கள். இப்படியே தொடரலாமா?”

கூடாது. அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே வாரம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். மேடையேறிய ஒருவர், தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கலைச்சூழல் கிடையாது, கையில் நயம் இராது என்று பேசினார். கைதட்டினார்கள். உன் கேள்வியும் அவர் பேச்சும் ஒரே எண்ணத்தில் வேர்விட்டவை: கலை என்றால் தாளும் பென்சிலும், அது வராதவனுக்குக் கலையே வராது. பாடத்திட்டத்தின் நான்கு துறைகளை உனக்கு நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. அவற்றில் படம் வரைதல் ஒன்றுதான் என்பதை மட்டும் நினைத்துப் பார்.

ஒன்பது வயதில் “எனக்கு வராது டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொல்வதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வயதில் கண் கையை முந்திவிடுகிறது. ஐந்து வயதில் வட்டமும் நான்கு கோடும் போட்டு, இதுதான் மாடு என்று பெருமையாகக் காட்டியவன், இப்போது அது மாடு போல இல்லை என்பதைத் தானே கண்டுபிடிக்கிறான். அது வளர்ச்சி. அந்த நேரத்தில் நீ ஓர் அச்சு மயிலை நீட்டினால், உன் மயில் வேண்டாம், இதுதான் மயில் என்று அவனிடம் சொல்லிவிடுகிறாய்.

விக்டர் லோவன்ஃபெல்டு என்ற ஆஸ்திரியர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்த்தவர். கண் தெரியாத பிள்ளைகள் களிமண்ணில் பிசைந்த முகங்களைப் பார்த்துத்தான், உலகத்தைக் கண்ணால் அறிகிறவர்களைப் போலவே தொட்டும் தசையால் உணர்ந்தும் அறிகிறவர்களும் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். பிறகு நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனார். 1947இல் வந்த அவருடைய பெரிய நூலை நான் பல முறை படித்திருக்கிறேன், முன்பின்னாகவும் நடுவிலிருந்தும். அதில் ஒரு பறவை வருகிறது. பிள்ளை தன் போக்கில் ஒரு பறவையை வரைகிறது. அடுத்து, பயிற்சிநூலில் அச்சிட்ட பறவையை அதன் முன் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தானாக வரையும் பறவையும் அச்சுப் பறவையாகவே இருக்கிறது. அதன் சொந்தப் பறவை போய்விட்டது. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பினால் கை பழகும் என்று வாதாடுகிற எந்த ஆசிரியரிடமும் நான் அந்தப் பக்கத்தைக் காட்டத் தவறுவதில்லை. கை பழகுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. அதற்காகப் பறவையைக் கொல்ல வேண்டாம்.

இனி, கையில் நயம் இராது என்ற பேச்சுக்கு வருகிறேன். உன் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அவரை உட்காரவைத்துக் கேள். வெட்டுக்கோடு ஏன் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்குகிறது? ரப்பர் மரப்பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக இல்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். ஒவ்வொரு வெட்டிலும் உளி எடுப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சீவல். குழாய்கள் மரத்தின் வளர்படலத்தை ஒட்டி நெருங்கிக் கிடப்பதால், மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போய் வளர்படலத்தைத் தொட்டுவிட்டாலோ மரம் காயப்படும். அங்கே புதுப்பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், பின்னால் அந்த இடத்தில் உளி ஓடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அந்த இடத்தைப் பாட்டி கண்ணால் தேடவில்லை. விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், உளி பட்டையில் ஓடும்போது கைக்கு வரும் இறுக்கத்தை வைத்தே தெரிந்துகொண்டார். பிறகு பால் வடியும் பீலியைச் சரிசெய்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். இப்படி நூற்றுக்கணக்கான மரம், மழை இல்லாத நாளெல்லாம்.

1877இல் கோலக்கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் அங்கே நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு விதை கொண்டுவந்த வெள்ளைக்காரர்களின் கதையைச் சொல்கிறார்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்ற தாவரவியலாளர் இந்த வெட்டுமுறையை வகுத்ததும் பெரிய காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முறையை மரத்துக்கு மரம் நிறைவேற்றியது எங்கள் பெண்களின் கை. அந்தக் கையைப் பார்த்து நயம் இல்லை என்று சொல்பவர் ஒரு நாள் உளி பிடித்துப் பார்க்கட்டும். இதற்கு மேல் எழுதினால் கோபம் கூடும்.

இதிலிருந்து நீ ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டியின் கைப்பழக்கம் இரத்தத்தோடு பேரனுக்கு வராது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. லயத்து வீடுகள் போய்விட்டன. உன் வகுப்பில் இருப்பவன் தாமானில் பிறந்து, கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளி வளர்ந்தவன். அவன் கைக்கு எதிர்த்து நிற்கும் பொருள் எதுவும் கிடைத்ததில்லை. என் கொள்கையே இதுதான், பயிற்சிக் காலத்தில் நீ கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாய்: பொருள் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். பட்டை உளிக்குப் பதில் சொன்னது. தாள் பதில் சொல்வதில்லை, நீ எதைக் கிறுக்கினாலும் ஏற்றுக்கொள்ளும். களிமண் பதில் சொல்லும். நீர் கூடினால் சரியும், குறைந்தால் வெடிக்கும். யானைக்கு மெல்லிய கால் வைத்தால் யானை உட்கார்ந்துவிடும். அங்கே தவறு சொல்ல நீ தேவையில்லை.

ஆகவே களிமண்ணில் தொடங்கு. பேராக்கில் இருந்துகொண்டு இதற்கு வெளியூர் உதாரணம் தேடினால் எனக்குப் பொறுக்காது. கோலக்கங்சாருக்கு எதிரே, பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங் இருக்கிறது. அங்கே செய்யும் லாபு சாயோங் என்ற சுரைக்காய் வடிவக் குடுவையை நீ கடைகளில் பார்த்திருப்பாய். அது ஏன் கறுப்பு என்று பிள்ளைகளைக் கேள். கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள் என்றுதான் சொல்வார்கள். உண்மையில், சூளையில் வெந்து தணலாக இருக்கும் குடுவையை எடுத்து நெல் உமிக்குள் புதைக்கிறார்கள். உமி கருகி எழும் புகையின் கரி மண்ணுக்குள் ஏறிக்கொள்கிறது. மேலே தெரியும் பளபளப்பு, சுடுவதற்கு முன் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்தது. உள்ளே ஊற்றிய தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், மண்ணின் நுண்துளை வழியே கசிந்து வெளியே ஆவியாகும் ஈரம். அறிவியல் பாடமும் கலைப் பாடமும் ஒரே குடுவைக்குள் இருக்கின்றன. இப்போது பலர் அச்சில் வார்த்துத்தான் செய்கிறார்கள். ஆனால் உன் பிள்ளைகளுக்கு வேண்டியது அச்சுக்கு முந்திய பழைய வழி, கையால் எழுப்பும் வழி.

அதற்கு ஆள் தேடி அலையாதே. கை முறுக்கு சுற்றத் தெரிந்த ஒரு பாட்டி எல்லா ஊரிலும் இருப்பார். இங்கே கச்சாங் பூத்தே தின்பண்டத்துக்குப் பேர்போன புந்தோங்கில் நிறையப் பேர் உண்டு. அவர் மாவைத் திரித்துத் திரித்து வளையமாகச் சுற்றுவதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பிறகு களிமண்ணை விரல் பருமனுக்கு உருட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்பக்கம் விரலால் இழைத்துவிட்டால் சட்டி எழும்பும். சக்கரம் இல்லாமல் பானை செய்தவர்கள் உலகின் பல பகுதிகளில் செய்தது இதுதான்.

மண் தேறுமா என்று பார்க்க, ஒரு திரியை உன் விரலைச் சுற்றி வளை. வெடித்தால் அந்த மண் சுற்றுவதற்கு ஆகாது. நீர் போதாமலிருக்கலாம், மணல் கூடியிருக்கலாம். மண் எடுக்க வேண்டும் என்று பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் ஒரு பிள்ளையையும் அனுப்பிவிடாதே. கரை சரியும், ஆழம் தெரியாது. கடையிலோ சாயோங் குயவர்களிடமோ வாங்கு. உருவங்களுக்குக் கைகால் ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, நடுவில் சேற்றுக்குழம்பு தடவச் சொல். வெறுமனே அழுத்தி ஒட்டியது காய்ந்ததும் உதிரும். வெயிலில் காயவைக்காதே, நிழல் போதும். சூளை இல்லையே என்று வருந்தாதே. சுடாத சட்டி உடைந்தால் நனைத்து மறுபடி பிசையலாம்.

நீ ஒரு மாதிரி செய்து மேசைமேல் வைத்து, “இதைப் போலவே செய்யுங்கள்” என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னால் அச்சு மயில் களிமண்ணில் திரும்பி வந்துவிடும். பளபளப்புத் தூளும் ஐஸ்கிரீம் குச்சியும் நிறைந்த பொட்டலங்களை வாங்கி, கண்காட்சிக்காக ஒரே மாதிரி முப்பது விசிறி செய்யவைப்பதும் அதேதான். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகாக இருக்கும். பிள்ளை அதில் ஒரு முடிவும் தானாக எடுக்கவில்லை.

பார்க்கவைக்க வேண்டும் என்றால் பத்து காஜாவுக்குக் கூட்டிப்போ. கெல்லீஸ் காசல் மாளிகையைக் கட்ட வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுப்பிய மாரியம்மன் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேலே சுதைச் சிற்பங்களுக்கு நடுவில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்கிறார். அது அந்த மாளிகையைக் கட்டுவித்த வில்லியம் கெல்லி ஸ்மித்தான் என்று சொல்கிறார்கள். தெய்வங்களைச் செய்து பழகிய கை, எதிரே நடமாடிய துரையையும் பார்த்துச் செய்திருக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் காட்டிவிட்டு, நீங்கள் தினமும் பார்க்கிற ஒருவரைக் களிமண்ணில் செய்யுங்கள் என்று சொல். பேருந்து ஓட்டுநர் வருவார், சிற்றுண்டிச்சாலை அம்மா வருவார். ஒருவேளை நீயும் வருவாய்.

மதிப்பீட்டுக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். முடிந்த சட்டியைப் பார்த்து அடைவுநிலை போடாதே. சரிந்தபோது பிள்ளை என்ன செய்தது என்று பார். தடித்த திரியை அடியில் வைத்ததா, காத்திருந்து மறுபடி தொடங்கியதா, பக்கத்திலிருப்பவனைக் கேட்டதா? இரண்டு வரி எழுதிவை, போதும்.

வாரத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரந்தான், அதனால் மண்ணை முதல் நாளே பிசைந்து ஈரத்துணி சுற்றி நெகிழிப் பையில் கட்டிவிடு. தரை அழுக்காகும் என்று தலைமையாசிரியர் தயங்கினால், வெளி நடைபாதையில் பழைய நாளிதழ் விரித்துக்கொள். கை கழுவக் குழாயடிக்கு விடாதே. களிமண் போய் அடைத்துக்கொள்ளும், அதோடு உன் பாடமும் நின்றுவிடும். இரண்டு வாளித் தண்ணீர் வை. மறுநாள் மேலே தெளிந்த நீரை மட்டும் செடிக்கு ஊற்று. அடியில் தங்கிய சேறு அடுத்த வாரம் ஒட்டுக்குழம்புக்கு ஆகும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்