ஹைட்ரஜன் சல்பைடும் காற்றுத் தரக் கண்காணிப்பும்

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2009 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகள் கந்தக டையாக்சைடு, அம்மோனியா, நுண்துகள்கள் உள்ளிட்ட 12 மாசுகளுக்கு வரம்பு விதித்தன. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆதலின், நகரின் காற்று நன்றாயுள்ளதென நிலையங்கள் அறிவிக்கும் நாளிலும் கால்வாய்க் கரையில் வாழ்வோர் அவதியுறக் கூடும்.

வாயு தோன்றும் விதம்

பிராணவாயு அற்ற கழிவுநீரில் சில நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. தோல் பதனிடும் தொழிலில் வேறொரு காரணமும் உண்டு. கான்பூரின் ஜாஜ்மௌ போன்ற தொழில் மையங்களில் மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. காரத்தன்மையுள்ள இக்கழிவுநீர் தனித்திருக்கும்வரை சல்பைடு நீரிலேயே கரைந்திருக்கும்; குரோமியப் பதனிடுதலின் அமிலக் கழிவுநீர் அதனுடன் கலந்ததும் வாயுவாக வெளியேறும்.

மூக்கு அளவுகோலாகாது

பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் மிகக் குறைந்த அளவிலேயே இந்நாற்றம் புலப்படும். ஆனால் 100 பங்கை எட்டும்போது மோப்பம் மரத்துவிடுகிறது; 500 பங்கிற்கு மேல் உயிருக்கே ஆபத்து. திறந்தவெளியில் இந்நிலை அரிது. காற்றைவிடக் கனமான இவ்வாயு தேங்கும் பாதாளச் சாக்கடைக் குழிகளிலோ, நாற்றம் நின்றதை நம்பி இறங்குவோர் மடிகின்றனர். உரிய பாதுகாப்பின்றித் தொழிலாளரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

அளவிடும் முறை

ஈய அசிடேட் தாள் கருமையடைவது வாயு இருப்பதை மட்டுமே உணர்த்தும். மின்வேதி உணர்கருவி நேரந்தோறும் அளவு தரும். அதனை ஆய்வக முறையுடன் அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். காற்று அசைவற்றிருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் வாயு செறிவதால், பகல்நேர ஆய்வு மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் கருதி, கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் என 24 மணி நேரச் சராசரியையும், நாற்றத் தொல்லையைத் தவிர்க்க 7 மைக்ரோகிராம் என அரைமணிச் சராசரியையும் பரிந்துரைத்தது. நாள் சராசரியில் மறையும் குறுகிய கால உயர்வு, அரைமணிக் கணக்கில் வெளிப்படும்.

பதிவின் பயன்

வாயுவின் அளவு, காற்றின் திசை, கழிவுநீர் திறக்கப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் ஒரே பதிவேட்டில் இருப்பின், மக்களின் புகார் சான்றாக மாறும். எந்தக் கழிவுநீரைப் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும் என்பதையும் அது காட்டும். இவ்வாயு சாக்கடைக் குழாய்களின் மேற்புறத்தில் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கிறது. ஆகவே கண்காணிப்புக்கு நகராட்சி செலவிடும் தொகை, மக்கள் நலனோடு பொதுச் சொத்தையும் காக்கும் முதலீடேயாகும்.