நாற்பது பேரோடு உயிர்வாழுமா உங்கள் உலகம்?

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது 2004இல். 'ஈவ் ஆன்லைன்' 2003. 'ரூன்ஸ்கேப்' அதற்கும் முன்னால், 2001. மூன்றும் இன்றைக்கும் ஓடுகின்றன. பலர் கூடி ஆடும் ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் தொழிலில் பழையது ஒதுங்கிப் புதியதற்கு வழிவிடுவதில்லை. நீங்கள் வேலையை விட்டுவிட்டு இந்தக் களத்தில் இறங்க நினைத்தால், முதலில் இதை ஜீரணித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டில் கூட்டம் என்றதும் கேம்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். போட்டி அங்கே இல்லை. பத்து வருடமாக ஒரே கேமை ஆடுபவருக்கு அதில் ஒரு கில்டு, அதாவது நிரந்தரக் குழு, இருக்கிறது, வாரம் ஒரு இரவு தவறாமல் கூடும் நண்பர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேம் நன்றாக இருந்தால் ஒரு மாதம் வந்து பார்ப்பார். பிறகு நண்பர்களிடமே திரும்பிவிடுவார். கிராஃபிக்ஸை எவ்வளவு மெருகேற்றினாலும் இதை வெல்ல முடியாது.

ஆகவே 'நம் கேமில் புதுசா என்ன இருக்கு?' என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குறைந்தபட்சம் எத்தனை பேர் உள்ளே இருந்தால் இந்த உலகம் ஆடத் தகுந்ததாக இருக்கும்? முதலில் இதற்குப் பதில் தேடுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். தினமும் 1,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறார்கள். சின்னக் குழுவுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் 24 மணி நேரத்துக்குப் பிரித்தால், ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவர்கள் சராசரியாக 42 பேர்தான். வரைபடத்தில் இருபது பகுதிகள் இருந்தால் பகுதிக்கு இரண்டு பேர். ஆயிரம் நாற்காலி போட்ட கல்யாண மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருக்கும். புதிதாக லாகின் செய்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு நழுவிவிடுவார். அடுத்து வருபவர் கண்ணுக்கு மண்டபம் இன்னும் காலியாகத் தெரியும்.

2014 ஜூனில் வந்த 'வைல்ட்ஸ்டார்' 40 பேர் சேர்ந்து மோதும் ரெய்டுகளைப் பெருமையாகச் சொன்னது. நாற்பது பேரை ஒரே இரவில் ஒன்றுசேர்ப்பது அலுவலகத்தில் ஒரு மீட்டிங் வைப்பதைவிடக் கடினம். பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள், கேமை இலவசமாகவும் ஆக்கினார்கள். 2018 நவம்பரில் மூடிவிட்டார்கள். கூட்டம் வந்தாலும் சிக்கல்தான்: அமேசானின் 'நியூ வேர்ல்ட்' 2021 செப்டம்பரில் திறந்தபோது கேம் விற்கும் 'ஸ்டீம்' தளத்தில் ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். உள்ளே போகவே வரிசை. சர்வர்களைக் கூட்டினார்கள். சில மாதங்களில் கூட்டம் கரைந்ததும் அதே சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்று 2011இல் வந்த 'ரெல்ம் ஆஃப் த மேட் காட்'. புள்ளிப் புள்ளியான பிக்சல் ஓவியம், வந்த புதிதில் பிரவுசரிலேயே ஆட முடிந்தது. எதிரியை ஒருவர் கொன்றால் பக்கத்தில் நிற்பவருக்கும் அனுபவப் புள்ளி கிடைக்கும். அதனால் அந்நியர் வந்தால் எரிச்சல் வராது, சந்தோஷம்தான் வரும். அதே வரைபடத்தில் உள்ள யாரிடம் வேண்டுமானாலும் ஒரே கிளிக்கில் போய் நின்றுவிடலாம். கொஞ்சம் பேர் இருந்தாலும் கூட்டமாகத் தெரியும்படி விதிகளையே அமைத்திருக்கிறார்கள். சின்னக் குழு இந்த ஒரு கேமை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தால் போதும் என்பேன்.

எண்ணிக்கையை முடிவு செய்தபின் புதுமைக்கு வரலாம். பெரிய நிறுவனம் தொட அஞ்சும் விஷயத்தைத் தொடுங்கள். 'ப்ராஜெக்ட் கார்கன்' ஒரு தம்பதி தொடங்கிய கேம். அதில் சாபம் பட்டால் நீங்கள் பசுவாகிவிடுவீர்கள். பசுவாகவே சண்டை கற்கலாம், மற்றவர்கள் உங்களிடம் பால் கறக்கலாம். கோடிக்கணக்கில் முதலீடு கேட்கும் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

புதுமையிலும் ஒரு பள்ளம் உண்டு. 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' குழு, முயல் புல் தின்ன, ஓநாய் முயலைத் தின்ன, உயிர்ச்சூழல் ஒன்றையே உருவாக்கிப் பார்த்தது. சோதனையில் நுழைந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். சூழல் சமநிலைக்கு வரவே இல்லை; அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாத அழகுக்கு ஆறு மாதச் சம்பளம் செலவழிக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செலவழித்தே ஆக வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சர்வர்: ஆடுபவரின் கணினி சொல்வதை நம்பவே கூடாது, எல்லாக் கணக்கையும் சர்வரே போட வேண்டும். இரண்டாவது, பொருளாதாரம். ஒவ்வொரு அரக்கன் செத்தாலும் புதுத் தங்கம் உள்ளே வருகிறது. பழுதுபார்க்கும் கட்டணம், ஏலக் கமிஷன் என்று அது வெளியேற வழி இல்லாவிட்டால் விலைவாசி எகிறும், புதியவர் எதையும் வாங்க முடியாது. 'ஈவ் ஆன்லைன்' நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம் 2007இல் ஒரு பொருளாதார அறிஞரையே வேலைக்கு எடுத்தது. பொருளாதாரமோ புள்ளியியலோ படித்துவிட்டுக் கேம் துறைப் பக்கம் ஏக்கத்தோடு பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்துவிட்டால் கவலை தீரும் என்று நினைப்பவர்களுக்கு 38 ஸ்டூடியோஸ் கதை. பேஸ்பால் நட்சத்திரம் கர்ட் ஷில்லிங் தொடங்கிய நிறுவனம். ரோட் ஐலண்ட் மாநிலம் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2012இல் சம்பளம் நின்றது, நிறுவனம் திவாலானது, அவர்களுடைய ஆன்லைன் கேம் வெளிவரவே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? வேலையில் இருந்துகொண்டே, எழுத்தில். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் பிறகு ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' முழுக்க எழுத்தாலேயே ஆன உலகம்தான். இன்று பைத்தான் தெரிந்தால் 'எவெனியா' என்ற திறந்தமூல மென்பொருளைக் கொண்டு அப்படி ஒன்றைச் சில வார இறுதிகளில் எழுப்பிவிடலாம். ஓவியருக்குக் காசு இல்லை, அனிமேஷன் இல்லை. உங்கள் விதிகள் மட்டும் நிர்வாணமாக நிற்கும். இருபது பேரை உள்ளே விடுங்கள். முதல் வாரம் நட்புக்காக வருவார்கள், அதை எண்ணாதீர்கள். நான்காவது வாரம், வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்தாமலே யார் வருகிறார்கள், வந்து ஒருவரோடொருவர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தனித்தனியே புள்ளி சேர்த்துவிட்டுப் போகிறார்கள் என்றால் உங்களிடம் இருப்பது ஒருவர் ஆடும் கேம். அதையே செய்யுங்கள், செலவும் குறைவு, தூக்கமும் வரும்.

பார்ட்னர்களோடு தொடங்குவதானால் ஒரு தாளில் இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் குறைந்தால் நிறுத்துவோம் என்பது ஒன்று. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு நடத்திய 'க்ளிட்ச்' கேம் 2011இல் திறந்து 2012 டிசம்பரில் மூடப்பட்டது. அதை உருவாக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் எழுதிய கருவிதான் பிறகு 'ஸ்லாக்' ஆயிற்று. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. கேம் மூடினால் அதற்காக எழுதிய கருவிகளும் சர்வர் கோடும் யாருக்குச் சொந்தம்? அதையும் அந்தத் தாளிலேயே எழுதி, கோடிங் தொடங்கும் முன்பே எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.