ஃபைட்டர் மீனின் பூர்வீகம்

கேள்வி: கடைகளில் பாட்டிலுக்கு ஒன்றாக வைத்து விற்கும் ஃபைட்டர் மீன் எந்த நாட்டு மீன்? அது ஏன் சண்டை போடுகிறது? (ஓட்டப்பிடாரம் வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்விகள்)

பதில்: சண்டை மீனின் தாய்நாடு தாய்லாந்து. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் சதுப்புகளிலும், புல் மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் அது இன்றும் வாழ்கிறது. கடைக்காரர்கள் ஃபைட்டர் என்றும் வளர்ப்பவர்கள் பீட்டா என்றும் சொல்லும் இந்த மீனின் காட்டு வடிவத்தைக் கையில் கொடுத்தால், ஏதோ வயல்மீன் குஞ்சு என்று பலர் திரும்ப வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். விரல் நீளம், மங்கிய பழுப்பு, குட்டைத் துடுப்பு. எதிரியையோ பெண் மீனையோ கண்டால் மட்டும் செதிலில் பச்சையும் துடுப்பில் சிவப்பும் ஏறும். புடவைத் தலைப்பு மாதிரி விரிந்து தொங்கும் வாலும், அடர்நீலமும் மஞ்சளும் வெள்ளையும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஜோடி பார்த்துச் சேர்த்து உண்டாக்கியவை.

அந்த வேலை எவ்வளவு பழையது என்பது அண்மையில்தான் தெளிவானது. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, குறைந்தது 1000 ஆண்டுகளாக இந்த மீன் மனிதர் வளர்ப்பில் இருக்கிறது என்று கணித்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய காலத்திலேயே சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், யாரோ இதைப் பானையில் வளர்த்திருக்கிறார்கள் என்று பொருள். சீனத்துத் தங்கமீன் தொட்டிக்கு வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். தங்கமீனை வளர்த்தது அழகுக்காக. இதை வளர்த்தது பந்தயத்துக்காக.

சண்டைக் குணம் இயற்கையிலேயே உண்டு. முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் மீன். நுரையால் கூடு கட்டிய இடத்துக்குள் இன்னொரு ஆண் நுழைந்தால் செவுள் மூடியை விரித்து, துடுப்பை விறைத்து, உடம்பைப் பெரிதாகக் காட்டும். வந்தது இளைத்தது என்றால் விலகிவிடும். வயலில் ஓட இடம் இருப்பதால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். பந்தயக்காரர்கள் விலகி ஓடாத மீனையே பார்த்துப் பார்த்து இனம் பெருக்கியதில், மணிக்கணக்கில் சண்டையிடும் ஒரு வகை உருவாகிவிட்டது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு கிடக்கும். பிறகு பிடியை விட்டு மேலே போய்க் காற்றை விழுங்கும். இறங்கி வந்து மறுபடி கடிக்கும். தப்பிக்க வழியில்லாத கண்ணாடிக்குள் இதை விட்டு வேடிக்கை பார்ப்பது இந்தியாவில் குற்றம். சேவற்கட்டு வழக்குகளில் அடிபடும் அதே 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்தான் இதற்கும் பொருந்தும். மனிதன் நீங்கலான எல்லா உயிரும் அந்தச் சட்டத்தின்படி விலங்கே. மீனுக்கு விலக்கு இல்லை.

அறிவியல் உலகுக்கு இந்த மீனை முதலில் அறிமுகம் செய்த எழுத்து அச்சானது கல்கத்தாவில். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த டேனிஷ் மருத்துவர் தியோடர் கான்டர், சயாம் மன்னரிடமிருந்து கைமாறி வந்த மீன்களை வைத்து, ஆசியக் கழக இதழில் 1849இல் வந்த தம் மலாய் மீன்கள் பட்டியலில் இதைச் சேர்த்தார். ஆனால் அவர் இட்ட பெயர் வேறொரு மீனுக்கு உரியது. லண்டனில் டேட் ரீகன் அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடித்து, 1910இல் பீட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற இன்றைய பெயரைச் சூட்டினார். தாய்லாந்து 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரியாக அறிவித்தது.

கேள்வி: காற்றுக் குழாய் இல்லாமல் சின்ன பாட்டிலில் அது எப்படி உயிரோடு இருக்கிறது? நம் பக்கம் அப்படிப்பட்ட மீன் உண்டா?

பதில்: தண்ணீரில் உள்ள காற்றை மட்டும் நம்பி அது வாழ்வதில்லை. செவுளுக்கு மேலே, தலையின் இரு பக்கமும் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்பு. அதன்மேல் இரத்தக் குழாய்கள் நெருங்கிய தோல். மேலே வந்து வாயால் கவ்விய காற்று அந்த அறையில் தங்கி, ஆக்சிஜன் நேரே இரத்தத்தில் சேர்கிறது. இந்த உறுப்புக்கு லேபிரிந்த் என்று பெயர். வளர்ந்த ஃபைட்டர் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். பாட்டிலை வாய்வரை நிரப்பி இறுக மூடினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதைச் சாக்காக வைத்து வாழ்நாள் முழுவதும் பாட்டிலில் வைத்திருப்பது நியாயமில்லை. காற்றைச் சமாளித்துவிடும், தன் கழிவில் ஊறும் அம்மோனியாவைச் சமாளிக்காது. ஒரு மீனுக்கு 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி, கொஞ்சம் செடி, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம் என்று வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்.

நம் பக்கத்தில் காற்றைக் குடிக்கும் மீன்களுக்குப் பஞ்சமே இல்லை. மீன் சந்தையில் மற்றவை கண் வெளிறிக் கிடக்கும்போது விரால் மட்டும் துள்ளிக்கொண்டிருப்பதற்குக் காரணம், தலைக்குள் இருக்கும் இதே மாதிரியான காற்றறை. ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் பனையேறிக் கெண்டை. 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டோர்ஃப், குளத்தோரப் பனைமரத்தில் தரைக்கு மேல் ஐந்தடி உயரத்தில், பட்டைப் பிளவுக்குள் இந்த மீன் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயச் சங்கம் 1797இல் அதை அச்சிட்டது; உலகம் முழுக்க அந்த மீனுக்கு ஏறும் மீன் என்ற பெயர் நிலைத்தது. மரமேறுவது அதன் வழக்கமில்லை, காகமோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் தவறவிட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மழை நேரத்தில் ஈரத்தரையில் குளம்விட்டுக் குளம் நகர்வது மட்டும் உண்மை.

அளவிலும் குணத்திலும் ஃபைட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க மீன் ஒன்றும் இங்கே உண்டு. சூடோஸ்ஃப்ரோமினஸ் கூபானஸ் என்பது அதன் அறிவியல் பெயர். புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீனை வைத்து 1831இல் பிரெஞ்சு அறிஞர் கூவியே விவரித்தார். பெயரில் உள்ள கூபானஸ் அந்தக் குப்பமே. வயல் ஓடையிலும், ஓரளவு உப்பு ஏறிய கழிமுகத் தண்ணீரிலும் வாழும். ஃபைட்டரைப் போலவே நுரைக்கூடு கட்டிக் குஞ்சைக் காக்கும். பகட்டு நிறம் இல்லாததால் கடையில் யாரும் கேட்பதில்லை. அது அந்த மீனுக்கு நல்லதாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஓட்டப்பிடாரம் பக்கத்தில் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா?

பதில்: வெயிலைப் பொறுத்தவரை இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை தண்ணீர் இருந்தால் போதும். ஹீட்டர் செலவு மிச்சம். சிக்கல் தண்ணீரில்தான். கரிசல் பூமியின் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாகவும் உப்பாகவும் இருக்கும். ஃபைட்டர் அதில் உயிரோடு இருக்கும்; முட்டை பொரிக்க மென்னீர் நல்லது. பிடித்து வைத்த மழைநீரைக் கலந்து கொள்ளலாம். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்.

அகலமான தொட்டியில் அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, மேலே ஒரு காய்ந்த நாட்டுவாதுமை இலையையோ பாதியாக வெட்டிய தெர்மகோல் கப்பையோ மிதக்கவிட வேண்டும். ஆணை முதலில் விட்டு, பெண்ணைக் கண்ணாடிக் குவளைக்குள் வைத்து அதே தொட்டியில் இறக்குவது வழக்கம். ஒன்றை ஒன்று பார்க்கும், கடிக்க முடியாது. ஆண் காற்றை விழுங்கி, எச்சில் பூசிய குமிழிகளாக இலைக்கு அடியில் துப்பும். ஒரு நாளில் உள்ளங்கை அகலத்துக்கு நுரை சேரும். பெண்ணின் வயிறு பருத்து, உடம்பில் குறுக்கே வெளிர்க் கோடுகள் தெரிந்தால் குவளையை எடுத்துவிடலாம்.

அதன்பின் நடப்பது உட்கார்ந்து பார்க்கத்தக்கது. கொஞ்சம் துரத்தல், கொஞ்சம் கடி. துடுப்பில் கிழிசல் விழுவது சாதாரணம். பிறகு நுரைக்கு அடியில் ஆண் வில்லாக வளைந்து பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். சில நொடி இரண்டும் அசைவற்று நிற்கும். பிடி தளர்ந்ததும் வெள்ளை ரவை மணிகளாக முட்டைகள் கீழே உதிரும். பெண் மயங்கிக் கிடக்க, ஆண் தலைகீழாகப் பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரைக்குள் ஊதி ஒட்டவைக்கும். இப்படி மணிக்கணக்கில் நடந்து சில நூறு முட்டைகள் சேரும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆண் அதைக் குதறிவிடும்.

ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் கண்ணிமை மயிர் போல மெல்லியதாக, வால் கீழாக நுரையில் தொங்கும். விழுவதை எல்லாம் தகப்பன் திரும்பத் திரும்பப் பொறுக்கி மேலே வைக்கும். அவை படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கிய அன்று தகப்பனையும் வெளியே எடுக்க வேண்டும். குஞ்சுக்கு லேபிரிந்த் உருவாக மூன்று நான்கு வாரமாகும். அதுவரை தொட்டியை மூடி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றை வெதுவெதுப்பாக வைக்காவிட்டால் கூட்டமாகச் சாகும். இரண்டு மாதத்தில் ஆண்கள் ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கும். அப்போதுதான் தனித்தனிப் பாட்டில்கள் தேவைப்படும். நூறு ஆண் இருந்தால் நூறு பாட்டில், நூறு பாட்டிலுக்கும் தண்ணீர் மாற்றும் வேலை. வீட்டு வளர்ப்பாளர்கள் பாதியில் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: குஞ்சுகளுக்குக் கொடுக்கும் ஆர்ட்டீமியா எங்கிருந்து வருகிறது?

பதில்: டப்பாவில் வரும் ஆர்ட்டீமியா முட்டை பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பெரிய உப்பு ஏரியிலிருந்து. ஆனால் ஆர்ட்டீமியாவைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி உப்பளங்களிலேயே அது உண்டு. கடல்நீரைவிட மூன்று நான்கு மடங்கு உப்பேறிய பாத்தியில் மீன் எதுவும் பிழைக்காது. தின்ன ஆளில்லாத அந்த இடத்தில், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், இறகு போன்ற கால்களை அசைத்துக்கொண்டு மல்லாந்து நீந்தும் செந்நிறப் பூச்சிதான் ஆர்ட்டீமியா. இங்கு ஆதியில் இருந்த வகையில் ஆணே கிடையாது. பெண் தானாகவே பெருகும். பாத்தி மேலும் வற்றும்போது, கெட்டி ஓடு கொண்ட முட்டைகளை இடும். காற்று அடிக்கும் பக்கத்து வரப்போரம் பழுப்புப் பொடியாக அவை ஒதுங்கிக் கிடக்கும். உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிர் அடங்கி இருக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து, முட்டையைப் போட்டு, வெளிச்சத்தில் வைத்துக் காற்றுக் குழாயை விட்டால், ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் ஆரஞ்சுப் புள்ளிகளாகக் குஞ்சுகள் வெளிவரும். அவற்றை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போட வேண்டும். மீன் குஞ்சுக்கு இது உகந்த உணவு என்று 1930களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்டறிந்த பிறகுதான் உலகம் முழுவதும் குஞ்சுப் பொரிப்பகங்கள் பெருகின. முதல் இரண்டு மூன்று நாள் குஞ்சின் வாய்க்கு அதுவும் பெரிது. அப்போது வைக்கோல் ஊறிய தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்களைக் கொடுப்பார்கள்.

கேள்வி: தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தது? கப்பியும் நியான் டெட்ராவும் எங்கிருந்து வந்தன?

பதில்: கண்ணாடித் தொட்டியில் மீனைக் காட்சிக்கு வைப்பது 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் தொடங்கிய வழக்கம். சென்னை மெரினாவில் 1909இல் திறந்த மீன் காட்சியகம் இந்தியாவின் முதல் பொதுக் காட்சியகம். அதற்கு வித்திட்டவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் கடல் உயிர்களைப் பற்றியும் 1890இல் நூல் வெளியிட்ட அதே மனிதர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது. இன்று வண்ண மீன் என்றால் சென்னை கொளத்தூர். ஃபைட்டரும் கப்பியும் ஏஞ்சலும் அங்கிருந்து நாடெங்கும் போகின்றன.

கப்பி தென்னமெரிக்க மீன். 1859இல் வெனிசுவேலாவிலிருந்து விவரித்தார்கள். 1866இல் டிரினிடாடிலிருந்து லண்டனுக்கு அனுப்பிவைத்த லெச்மியர் கப்பியின் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியாவுக்கு அது அலங்காரமாக வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொசுப் புழுவைத் தின்ன வந்தது. கப்பிக்கும் மோலிக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும் என்பதால் ஓட்டப்பிடாரத்துப் போர் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துவரும். 1936இல் அறிவியல் பெயர் பெற்ற அமேசான் நியான் டெட்ராவுக்கு அதே தண்ணீர் ஆகாது.

உள்ளூர் மீனே வேண்டும் என்பவருக்குத் தாமிரபரணியில் ஒன்று உண்டு. முதுகுத் துடுப்பில் நீண்ட கதிர்கள் இழையாக நிற்கும் டாக்கின்சியா தாம்பரபர்ணியெய் என்ற கெண்டை, வேறெந்த ஆற்றிலும் இயற்கையாகக் கிடையாது. பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான ஈ. ஜி. சைலஸ் 1954இல் இதை விவரித்தார். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருப்பதால் ஆற்றில் வலை வீசிப் பிடிப்பது தகாது. வளர்ப்பில் பிறந்த குஞ்சு கிடைத்தால் மட்டுமே வாங்கலாம். கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஆறேழாவது சேர்த்து, மூன்றடிக்குக் குறையாத தொட்டியில், ஓடும் தண்ணீரில் விடவேண்டும். ஃபைட்டரை அதோடு சேர்க்கக் கூடாது. நீண்ட வாலைக் கெண்டைகள் கொத்திவிடும்.